அண்ணியின் காலும் எங்கள் செட்டின் சட்டமும்

என் வீட்டுக்காரர் ஓர் உப்பளச் செட்டுக்கு மேஸ்திரி. செட்டு என்றால் சேர்ந்து வேலை பார்க்கிற ஆட்கள். ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள். பெண்கள் நாங்கள் அதைக் கூடையில் சுமந்துபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவோம். மரக்காணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர் மேஸ்திரி ஆனது உடம்பு பலத்தால் இல்லை, வாயால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தினாலும் டீ ஆறிப்போகும்வரை கவர்மெண்ட்டோடு சண்டை போடுவார். கவர்மெண்ட் அங்கே இருக்காது, அதன் சார்பில் டீக்கடைக்காரர்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஹெல்மெட் அவருடைய பைக் கண்ணாடியில்தான் தொங்கும். போலீஸைப் பார்த்தால் தலைக்குப் போகும், தாண்டியதும் கண்ணாடிக்குத் திரும்பிவிடும். "என் தலை. ஒடைஞ்சா நான் பாத்துக்கறேன்" என்பார். உடைந்த தலையோடு எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்பேன். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் என்றைக்கோ அனுமந்தையில் இருக்கிற எங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

கொரோனா ஊசி வந்தபோதும் இதே கதைதான். ஊசி போடாதவர்கள் உப்பளத்துக்குள் வரக் கூடாது என்று முதலாளி சொன்னார். "என் உடம்புல எது ஏத்தறதுன்னு நான்தான் சொல்லணும்" என்று இவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் முதல் நாளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அதோடு விட்டேனா? போடாதவனையெல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் சரி என்று தெருவில் நின்று சத்தமாகச் சொன்னேன். கட்டின புருஷன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துதான் சொன்னேன். கடைசியில் அவரும் போட்டுக்கொண்டார். ஊசிக்குப் பயந்துதான் அத்தனை பேச்சும் என்பது போட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணி அவருடைய கூடப்பிறந்த அக்கா. வேலையில் என் ஜோடி. நிறைத்த கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது, தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அண்ணிக்கு நானும் எனக்கு அண்ணியும் தூக்கிவிட்டுக்கொள்வோம். என் சும்மாடு கொஞ்சம் சரிந்தாலும் அண்ணி ஒரு விரலால் தள்ளிச் சரிசெய்துவிட்டுத்தான் கையை எடுப்பார். நாத்தனாரோடு இவ்வளவு ஒற்றுமையா என்று பக்கத்துச் செட்டுப் பெண்கள் வயிற்றெரிச்சல் படுவார்கள். படட்டும்.

அந்த வருஷம் மழை விட்டு, பாத்திகளில் நின்ற தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து எடுத்திருந்தோம். அடுத்தது மிதி. ஈரம் பாதி காய்ந்த தரையில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் மிதித்துக்கொண்டே போக வேண்டும். பாதம் முழுசாகப் பதிய வேண்டும். தரை இறுகி வழவழவென்று ஆனால்தான் உப்பு வெள்ளையாக விளையும். இல்லாவிட்டால் வாரும்போது மண்ணும் சேர்ந்து வரும்.

மிதி ஆரம்பித்த அன்றைக்குத்தான் உப்பளத் தொழிலாளர்களைக் கவனிக்கிற கவர்மெண்ட் ஆபீசரம்மா ஒருவர் ஜீப்பில் மூட்டை மூட்டையாக ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். சின்ன வயசு, மரியாதையாகப் பேசினார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று எங்கள் கால்கள் ஆகியிருக்கிற கோலத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது, அது நடிப்பு இல்லை. இனிமேல் பாத்தியில் இறங்குகிறவர்கள் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும், போடாதவர்களை வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்றார்.

என் வீட்டுக்காரருக்கு டீக்கடையில் கிடைக்காத கவர்மெண்ட் நேரிலேயே கிடைத்துவிட்டது. "மேடம், பூட்ஸு போட்டு மிதிச்சா தரை பள்ளம் பள்ளமா பூடும். இதப் பாருங்க" என்று ஒரு பூட்ஸைப் போட்டு மிதித்துக் காட்டினார். நிஜமாகவே குதிகால் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது.

ஆபீசரம்மா குனிந்து பார்த்தார். "சரிங்க, மிதிக்கிறப்ப வேணாம். அப்புறம் உப்பு வார்றப்ப, சொமக்கறப்ப போடலாம்ல?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் இல்லாதபோது அவர் குரல் ஏறும். "எங்க காலு, எங்க இஷ்டம் மேடம். எங்க காலுக்கு யாரும் சட்டம் போட வேணாம்" என்றார். செட்டு மொத்தமும் கைதட்டியது. நானும் தட்டினேன், அண்ணியும் தட்டினார். ஆபீசரம்மா பூட்ஸ் மூட்டைகளைக் கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டு, வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் இவர் செலவில் டீயும் வடையும்.

இங்கே எங்கள் செட்டின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மிதித்தவர்களுக்குத்தான் இடம். மிதி முடிகிறவரை கூட நின்றவர்களுக்கே அடுத்த மழை வரைக்கும் அந்தப் பாத்திகளில் வேலை. நடுவில் நின்றுபோனால் இடம் போய்விடும், அப்புறம் யாராவது வராத நாளில் மாற்றாளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறி நான் பார்த்ததில்லை. மிதி கடினமான வேலை. அதற்கு ஒளிந்துகொண்டு உப்பு விளைந்ததும் வந்து நிற்கிறவர்களைத் தடுக்க யாரோ வைத்தது.

அண்ணிக்கு சுகர். வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மிதி வாரத்தில் ஒரு நாள், வரிசையில் எனக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தவரின் கால் சேற்றிலிருந்து வெளியே வந்தபோது கூடவே ஒரு பழைய சாக்ஸும் பிளாஸ்டிக் கவரும் கழன்று வந்தன. உள்ளங்காலில் புண். சுற்றிலும் தோல் ஊறி வெளுத்து, நடுவில் சதை தெரிந்தது.

"வலிக்கலியா அண்ணி?" என்று கேட்டேன்.

"வலியே இல்லடி. மதமதன்னுதான் இருக்குது" என்றார், அது நல்ல சேதி மாதிரி.

வரிசையின் கோடியில் நின்ற அவர் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், பார்த்துவிட்டார். முகமே மாறிப்போனது. "அக்கா, மேல ஏறு" என்றார்.

"எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு. நாளையிலேர்ந்து வராத."

"வராட்டி எடம் பூடும்டா."

"அதுக்கு நான் என்னா பண்றது? செட்டு சட்டம் அது."

அண்ணி சேற்றில் நின்றபடியே அவரைப் பார்த்தார். "கவர்மெண்ட்டு சட்டம் போட்டா எங்க காலு எங்க இஷ்டம். செட்டு சட்டம் போட்டா மட்டும் காலு செட்டோடதா ஆயிடுமா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் இவர் சமாளித்திருப்பார்.

வரிசை நின்றுவிட்டது. யாரும் யாருடைய இடுப்பிலிருந்தும் கையை எடுக்கவில்லை, காலும் எடுக்கவில்லை. அதன் பிறகு அண்ணி சொன்னதுதான் இவரை உட்கார வைத்தது. "அம்மாவ கேக்காம நாம முடிவு பண்ண மாதிரி என்னையும் பண்ணாத."

என் மாமியாருக்கும் சுகர்தான். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். சொன்னால் தாங்க மாட்டார் என்று மகனும் மகளுமாக முடிவுசெய்து, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். புண்ணைக் கழுவப்போகிறார்கள் என்றுதான் அவரிடம் சொன்னார்கள். எடுத்தது சரிதான், அதற்குப் பிறகு நன்றாகவே இருந்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். ஆனால் எதையாவது பேசிக்கொண்டிருக்கும்போது சட்டென்று, "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்பார். கால் போனதைப் பற்றி அழுதவர் இல்லை. கேட்காததைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி அன்றைய மிதியை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நான் கூடவே போய்க் காலைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணி சுற்றிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். மிதி முடியட்டும் என்றார்.

சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். "அக்காவ நாளைக்கி எறங்க விடக் கூடாது. நீ சொன்னா கேக்கும்" என்றார்.

"நான் ஏன் சொல்லணும்? மேஸ்திரி நீங்கதான?"

"புண்ணப் பாத்தல்ல நீ?"

"ஆபீசரம்மாவும் உங்க காலப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க."

"அது வேற, இது வேற."

"எப்பிடி வேற?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என்னை மடக்கத் தெரிந்தது. "நீ மட்டும்? ஊசி போடாதவன வெளிய நிறுத்துன்னு தெருவுல நின்னு கத்தினவதான நீ? அன்னைக்கி அவன் ஒடம்பு அவனுதா தெரியலியா?" என்றார்.

கோபம் வந்தது, ஏனென்றால் கேள்வி சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் செதிலைச் சுரண்டிவிட்டுச் சொன்னேன். "இருமினா பக்கத்துல நிக்கறவ மேலயும் படுது. புண்ணு அண்ணி கால்ல மட்டுந்தான் இருக்குது."

"கால் பூட்டா அது புள்ளைங்கள யாரு பாப்பா? நாமதான? அப்ப அது நம்ம மேல படலியா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. உடம்பு அவரவருடையது என்பது பேசுவதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருத்தி காலில் புண் வந்தால் எத்தனை வீட்டு அடுப்பு அதைச் சுற்றி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பேச்சு தடுமாறுகிறது. கவர்மெண்ட்டும் இப்படித்தான் எண்ணிப் பார்த்திருக்கும் போல. இந்தச் சண்டையில் முதல் தடவையாக எனக்கு ஆபீசரம்மா மேல் பாவமாக இருந்தது.

ஆனால் மீன் ஆய்கிற வேலையில் ஒரு நன்மை உண்டு, கை ஓட ஓட புத்தி தெளியும். "சரி, அண்ணி எறங்கக் கூடாது, ஒத்துக்கறேன். அவங்க ஏன் எறங்கறாங்க? சேத்துல நிக்க ஆசையா? எடம் பூடுமேன்னுதான? அந்தச் சட்டம் யாருது?" என்று கேட்டேன்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்குது."

"கவர்மெண்ட்டு சட்டத்தையே ஒரே நாள்ல கிழிச்சீங்களே, இத நகத்த முடியாதா? எடத்தக் குடுத்துட்டு அப்புறம் கேளுங்க, எறங்கறியான்னு. எடத்தப் புடுங்கி வெச்சிக்கினு உன் இஷ்டம்னு சொன்னா, அது என்னா இஷ்டம்?"

அவர் ஆய்ந்த மீன் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு, "குடுத்தும் எறங்கறேன்னு சொன்னா?" என்றார். டீக்கடையில் பேசுகிற குரல் இல்லை அது. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நின்றவனின் குரல்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் பாத்திக்கரையில் கூடியபோது இவர் வரப்பில் ஏறி நின்றார். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. காலில் புண் இருக்கிறவர்கள், உடம்பு முடியாதவர்கள் மிதிக்கு இறங்க வேண்டாம், இடம் அப்படியே இருக்கும். இறங்குவதும் இறங்காததும் அவரவர் சொல்வதுதான்.

"அப்ப எல்லாரும் புண்ணுன்னு சொல்லி ஒக்காந்துட்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஒக்காந்தா நீயும் நானும் மிதிப்போம்பா. வேற என்னா பண்றது?" என்றார் இவர்.

பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாக, "மாசமாசம் வயித்து வலி வருதே, அதுக்கும் உண்டாண்ணே?" என்று கேட்டாள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. "உண்டு உண்டு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்கள் பக்கம் கிசுகிசுவென்று ஒரே சிரிப்பு. வலியோடு மிதித்த வருஷங்கள் எங்கள் ஒவ்வொருத்திக்கும் உண்டு. இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அவர் அண்ணியிடம் வந்தார். "அக்கா, எடம் உனுதுதான். நீ என்னா பண்ணப்போற?"

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணி சுற்றிய காலோடு பாத்தியில் இறங்கினார். இழுத்துப் பிடிக்க என் கை நீண்டுவிட்டது, பக்கத்தில் இவர் நின்றிருக்காவிட்டால் பிடித்தே இருப்பேன். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாய்க்காரருக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அண்ணி சில அடிகள் போனார். நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார், யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று பார்ப்பது போல. ஒருவரும் சொல்லவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு வந்த வழியே நடந்து வந்து வரப்பில் ஏறினார்.

"நானாத்தான் ஏர்றேன்" என்றார் தம்பியிடம்.

"சரிக்கா."

"நீ சொல்லி ஏறல."

"நான் எதுவுமே சொல்லலியே."

"வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று என்னிடம் சொன்னார். பைக் சாவியை இவர் நீட்டினார். நான் கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். என் தலை, என் இஷ்டம்.

நர்ஸம்மா புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே, வலிக்கவில்லை என்பதுதான் இதில் மோசமான விஷயம் என்று விளக்கினார். நல்லவேளை, எலும்புவரை போகவில்லை. மருந்து, கட்டு, ஓய்வு. ஆற ரொம்ப நாள் பிடித்தது. ஆறியது. அண்ணி உப்பு விளைந்த பிறகு வந்து தன் இடத்தில் நின்றார். கொட்டகையில் கிடந்த பூட்ஸ் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டார். நடந்தால் கீச்சுகீச்சென்று சத்தம் வரும். கிண்டல் செய்தோம், அவர் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. கூனிமேட்டில் ஒரு கல்யாணத்துக்கு மழையில் கிளம்பியபோது பட்டுப்புடவைக்குக் கீழே அதையே போட்டுக்கொண்டு வந்தார், நான்தான் வெட்கப்பட்டேன். மெல்ல மெல்ல இன்னும் சில பெண்களும் மூட்டையில் கைவிட்டார்கள். போடாதவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ரப்பருக்குள் கால் வியர்த்தால் எரிச்சல், நான் இன்னும் வெறுங்கால்தான். அண்ணி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆபீசரம்மா மறுபடி வந்தபோது அண்ணியின் காலைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார்.

"நீங்க சொன்னீங்கன்னு போடல மேடம். ஆனா நீங்க கொண்டாந்து வெச்சதாலதான் போட்டேன்" என்றார் அண்ணி. ஆபீசரம்மாவுக்கு இதில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் சந்தோஷப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

இந்த வருஷ மிதி போன தையில் நடந்தது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இவருக்கும் சுகர் என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு, அக்காவுக்கு, இப்போது இவருக்கு. டீ போடும்போது சர்க்கரை டப்பாவையே தூக்கி எறிய எனக்குக் கை துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "போடட்டா வேணாமா?" என்று கேட்பேன். "கொஞ்சம்" என்பார். கொஞ்சம்தான் போடுவேன். என் குணத்துக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மிதியின் முதல் நாள் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்கரைக்கு வந்தார். குதிகாலில் நீளமாக ஒரு வெடிப்பு, ஓரத்தில் சிவப்பு. நான் பார்த்துவிட்டேன். இறங்காதீங்க என்கிற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. வரப்பில் பூட்ஸோடு உட்கார்ந்து வாய்க்கால் அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வார்த்தையை விழுங்கினேன்.

"தம்பி, எறங்கறியா, இங்க ஒக்கார்றியா?" என்று கேட்டார் அண்ணி.

அவர் சேற்றைப் பார்த்தார், மேஸ்திரி இறங்குவதற்காகக் காத்து நின்ற வரிசையைப் பார்த்தார், தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். ஊருக்கே பதில் சொல்கிற மனிதர் திகைத்து நின்றார். "நீயே சொல்லுக்கா" என்றார்.

"அது என் காலா?" என்றார் அண்ணி.

அவர் சிரித்துவிட்டார். வரிசையைப் பார்த்து ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கொட்டகைக்குப் போய் மூட்டையைக் கிளறி ஒரு ஜோடி பூட்ஸோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டித் தூசி போக்கி, தானே மாட்டிக்கொண்டார். அவருக்கு அது கொஞ்சம் பெரிசு.